பத்து நாள் ஊழியத்தின் மகிழ்ச்சி

கேள்வி: தில்லி புசா ரோட்டிலும் அதையொட்டிய கரோல் பாக்கிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த சபை வாலிபர்கள் சிலர், தசரா விடுமுறையில் பத்து நாள் நேபாளத்துக்கு மிஷன் பயணம் செல்லவிருக்கிறார்கள். முன்பு இப்படிச் சென்று வந்தவர்கள், அங்கே கிடைத்த சந்தோஷம் வேறெங்கும் கிடைத்ததில்லை என்கிறார்கள். அது ஊழியத்தால் வருகிற சந்தோஷமா, புதிய ஊர் பார்த்த உற்சாகமா? ஊழியத்துக்குப் போகிறவர் சந்தோஷத்தை எதிர்பார்த்துப் போவது முறைதானா?
— ஒரு வாசகர், புசா ரோடு, புது தில்லி

பதில்: குறுகியகால மிஷன் பயணம் என்று இன்று சபைகளில் வழங்குவது, ஒரு வாரம் முதல் சில மாதங்கள் வரை, ஊதியம் பெறாமல், சொந்தச் செலவிலோ சபையாரின் காணிக்கையிலோ வேற்று நாட்டுக்குச் சென்று, அங்குள்ள சபைக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ துணைநின்று திரும்பும் ஊழியத்தைக் குறிக்கும். ஒரு மொழியைக் கற்று, ஒரு மக்களிடையே குடியிருந்து, பலர் அந்த மண்ணிலேயே அடக்கமும் ஆன பழைய மிஷனெரிகளின் பணியிலிருந்து இது அளவிலும் ஆழத்திலும் வேறுபட்டது. அந்த வேறுபாட்டை மறவாத குழுவுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை ஐயுற வேண்டியதில்லை.

மகிழ்ச்சியை எதிர்பார்ப்பது முறையா என்பதற்கு லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் நேரடியாகவே விடை தருகிறது; ஏனெனில் அங்கே சொல்லப்படுவதும் ஒரு குறுகியகாலப் பயணமே. இயேசு எழுபது பேரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பும்போது, பணப்பையும் சாமான் பையும் கொண்டுபோக வேண்டாம் என்றும், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி வைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றும், வீட்டுக்கு வீடு மாறக் கூடாது என்றும் கட்டளையிடுகிறார். அவர்கள் சந்தோஷத்தோடு திரும்பி வந்து, பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிந்த செய்தியைச் சொல்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர் கண்டிக்கவில்லை. அதே வேளையில் தாமும் ஆவியிலே களிகூர்ந்ததாகவே லூக்கா எழுதுகிறார். ஆனால் தங்கள் கையால் நடந்த காரியத்தின்மேல் ஊன்றியிருந்த அவர்களுடைய மகிழ்ச்சியைப் பெயர்த்தெடுத்து, பரலோகத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதன்மேல், அதாவது கடவுள் தங்களை ஏற்றுக்கொண்டிருப்பதன்மேல், ஊன்றிவைக்கிறார். செய்து முடித்த வேலையின் கணக்கில் வேரூன்றிய மகிழ்ச்சி, கணக்குக் குறைகிற நாளில் வாடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த அதிகாரத்தின் மற்றொரு கூறு பிரசங்கங்களில் அதிகம் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பணப்பை இல்லாமல் போகிறவர் முதல் நாளே பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவராகிறார். கொடுக்கப் போனவர் முதலில் பெறுகிறவராகி, அந்த வீட்டாரின் சோற்றையும் பாயையும் ஏற்றபின்தான் எதையும் சொல்லும் உரிமையை அடைகிறார். சென்று வந்தவர்கள் சொல்லும் சந்தோஷத்தை உற்றுப் பார்த்தால், அதன் பெரும்பகுதி இந்தப் பெறுதலிலிருந்து வருவதைக் காணலாம். அவர்கள் கட்டிய சுவரைப் பற்றியோ எடுத்த வகுப்பைப் பற்றியோ பேசுவதைக் காட்டிலும், முகம் தெரியாத ஒரு வீட்டார் தங்களுக்கு அடுப்பு மூட்டியதைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். புதிய ஊர் பார்த்த உற்சாகமும் இதில் கலந்திருக்கும். அதைப் பாவமாக எண்ண வேண்டியதில்லை, அது தானாகவே சில வாரங்களில் அடங்கிவிடும்.

தில்லி வாசகருக்கு இதை விளக்க மிக நெருக்கமான வரலாற்று எடுத்துக்காட்டு காஷ்மீரி கேட்டிலேயே இருக்கிறது. அங்கே அக்காலத்தில் இயங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு 1904இல் கேம்பிரிட்ஜ் மிஷனின் சார்பில் ஆசிரியராக வந்த சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், 1913ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய தேசியத் தலைவர் கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, தம் நண்பர் பியர்சனுடன் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே இந்தியத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்து சிறை சென்றிருந்த காலம் அது. ஒப்பந்தக் கூலி முறை, அதாவது ஐந்தாண்டுக் காலத்துக்குக் கைநாட்டு வைத்துக் கடல் கடந்து சென்று, இடையில் வேலையை விட்டு நீங்கினால் தண்டனைக்கு உள்ளாகும் முறை, அவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுசேர்த்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் அந்நாட்டிலேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. அத்தொழிலாளரில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழர் ஏராளம். தம்மிடமிருந்த சேமிப்பை ஏற்கெனவே அந்தப் போராட்ட நிதிக்குக் கொடுத்துவிட்ட ஆண்ட்ரூஸ், வெறுங்கையராகவே அங்கே சென்றார் எனலாம்.

1914 புத்தாண்டையொட்டிக் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தபோது நடந்தது சிறிய செயல்தான். வரவேற்க வந்தவர்களில் காந்தி யார் என்று ஆண்ட்ரூஸ் கேட்டார். சுடப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்காகத் துக்கம் காத்து, தலையை மழித்து, கூலித் தொழிலாளரின் முரட்டு வெள்ளையாடை அணிந்து நின்ற மெலிந்த மனிதரைக் காட்டினார்கள். ஆண்ட்ரூஸ் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் இந்தியர் ஒருவரின் காலைத் தொடுவதை அந்நாட்டு வெள்ளையர் சமூகம் பொறுக்கவில்லை. அதைக் குறித்துக் கடுமையான கண்டனம் எழுந்தது. உதவி செய்ய வந்தவர் முதற்செயலாகவே தம்மை வரவேற்றவர்களுக்குக் கீழே நிறுத்திக்கொண்டார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. பின்னர் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுடன் நடந்த பேச்சுவார்த்தைகளிலும் அவர் காந்தியின் பக்கத்தில் துணையாளராக நின்றாரேயன்றித் தலைமையை நாடவில்லை. ஜனவரியில் தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் மூன்று பவுன் வரி சட்டப்படி நீங்கியது.

ஆனால் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் சிறை சென்றவர்கள்தாம். பிப்ரவரியின் பிற்பகுதியில் ஆண்ட்ரூஸ் அந்நாட்டை விட்டுக் கப்பலேறினார். ஏறக்குறைய அதே நாள்களில், அம்மாதம் 22ஆம் தேதி, சிறையில் பற்றிய காய்ச்சலால் நலிந்து வெளிவந்திருந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை இறந்துபோனார். வந்து செல்பவரின் பயணத்தேதியும் அங்கேயே இருப்பவரின் மரணத்தேதியும் இப்படி அடுத்தடுத்து நிற்பதைக் குறுகியகால ஊழியத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு குழுவும் ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எண்ணியபின்னும் எஞ்சுகிற மகிழ்ச்சியில் தற்பெருமை கலக்க இடமிராது.

கேள்வி: நேபாளத்தில் என்ன வேலை செய்தால் பயனுள்ளதாக இருக்கும்? கட்டட வேலையா, கைப்பிரதி ஊழியமா, மருத்துவமனைப் பணியா? இத்தனை பேரின் பயணச் செலவை அப்படியே அங்குள்ள சபைக்கு அனுப்பிவிடலாமே என்று சபையில் சில மூத்தவர்கள் சொல்வது சரியா?

பதில்: மூத்தவர்களின் சொல்லில் நியாயம் உண்டு. 1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைச் சிதைத்தபின் ஹோண்டுராஸ் நாட்டுக்கு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டியவர்களைப் பற்றி, கால்வின் கல்லூரியின் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். உள்நாட்டுக் கிறிஸ்தவ அமைப்பு ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டக்கூடிய வீடு, பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெளிநாட்டுக் குழுவின் கையில் ஏறத்தாழ 30,000 டாலராகியிருந்தது. உள்ளூர்க் கொத்தனாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூலியும் அதனால் போயிற்று. தில்லியிலிருந்து காத்மாண்டுக்குச் செல்லும் செலவு அவ்வளவு பெரியதன்று என்றாலும், செங்கல் சுமக்கவும் சுவருக்கு வர்ணம் அடிக்கவும் தில்லியிலிருந்து ஆள் போகத் தேவையில்லை. அந்த வேலைக்குரிய பணத்தை அனுப்பிவிட்டு, பணத்தால் அனுப்ப முடியாதது எதுவோ அதற்காக மட்டுமே மனிதர் போக வேண்டும்.

கைப்பிரதி ஊழியத்தைப் பொறுத்தவரை, அதாவது சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்களைத் தெருவில் வழங்குவதைப் பொறுத்தவரை, எச்சரிக்கை தேவை. நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதித்து, வெளிநாட்டவராயின் நாடு கடத்தவும் வகைசெய்கிறது. எல்லை கடக்க விசா தேவைப்படாத இந்தியரும் இச்சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. பிரதிகளை வழங்கிவிட்டுப் பத்தாம் நாள் விமானம் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேராது. அவரை அழைத்திருந்த உள்ளூர்ப் போதகர்தான் காவல் நிலையத்தின் வாசலில் நிற்க நேரும். தம் சாட்சியின் விலையைப் பிறர் தலையில் சுமத்துவதைத் துணிவு என்று சொல்லிவிட முடியாது. யுனைடெட் மிஷன் டு நேபாள் என்னும் அமைப்பு 1954 முதல் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தான்சென் மருத்துவமனை முதலிய பணிகளின் வழியாகவே பல தலைமுறைகளுக்கு ஊழியம் செய்துவந்திருக்கிறது. அந்தப் பொறுமையைப் பத்து நாள் குழு கற்றுக்கொள்வது நல்லது.

அப்படியானால் பணத்தால் அனுப்ப முடியாதது எது? 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா பேசியபோது, மேலை மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் நன்றியோடு நினைவுகூர்ந்துவிட்டு, குறைவாக இருப்பது நட்பு என்றும், அதையே இந்தியச் சபை வேண்டுகிறது என்றும் வெளிப்படையாகக் கேட்டார். மேலைச் சபைகளிடம் அன்று தமிழர் ஒருவர் வைத்த அந்த வேண்டுகோளை, இன்று வசதியோடு பயணம் செய்கிற தமிழ்ச் சபைகள் தம்மை நோக்கிக் கேட்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நட்புக்கு வேண்டிய முதலீடு புசா ரோட்டு வாலிபர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தில்லிப் பள்ளிகளில் இந்தி படித்த அவர்களால் தேவநாகரி எழுத்தில் அச்சான நேபாளிப் பாட்டுப் புத்தகத்தைப் பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் வாய்விட்டு வாசித்துப் பாட முடியும். அமெரிக்காவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வருகிற குழுவுக்கு அது எளிதில் வாய்க்காது. அங்கே வார விடுமுறை சனிக்கிழமையாதலால் சபைகளின் முதன்மை ஆராதனையும் அன்றுதான் நடக்கும். காலணியைக் கழற்றிவிட்டு, தரையில் விரித்த விரிப்பில் அமர்ந்து, ‘ஜய் மசீ’ என்று வாழ்த்துச் சொல்லி, அருகில் இருப்பவரின் புத்தகத்தையே பகிர்ந்து பாடுவது ஊழியத்துக்கு முந்திய பயிற்சியன்று, அதுவே ஊழியத்தின் பாதியாகும். வேற்று மொழி நகரத்தில் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழர் எப்படித் தட்டுத் தடுமாறினார்கள் என்பதைக் கரோல் பாக்கின் முதிய குடும்பங்களிடம் கேட்டறிந்து செல்கிறவர்கள், புரியாத மொழிக்கு நடுவே இருக்கும்போது பொறுமை இழக்க மாட்டார்கள்.

மருத்துவமனைப் பணிக்குப் பயிற்சி பெற்றவர் குழுவில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் செய்யத்தக்கவை உண்டு. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் தெற்கே, லலித்பூர் மாவட்டத்தில் தொழுநோய்ப் பணிக்கென இயங்கும் ஆனந்தபன் மருத்துவமனை போன்ற இடங்களில், நிர்வாகத்தின் முன் அனுமதியும் வழிகாட்டுதலும் பெற்று, நோயாளிகளின் அன்றாடக் கால் பராமரிப்பில் உடனிருக்கலாம். தொழுநோயால் நரம்புகள் கெடும்போது பாதம் உணர்விழப்பதோடு வியர்வை சுரப்பதும் நின்றுவிடுகிறது. உலர்ந்த தோல் வெடிக்கிறது. வலி தெரியாததால் வெடிப்பின்மேலேயே நடந்து அது ஆழ்ந்த புண்ணாகிறது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்றும், வலியுணர்வை இழந்ததால் நேரும் காயங்களே ஊனத்துக்குக் காரணம் என்றும் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் கொல்லிமலையில் பிறந்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது நலம். கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவதில்லையாதலால் அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை.

பராமரிப்பு முறை எளியது. ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர் ஊற்றிப் பாதங்களை இருபது நிமிடமளவு ஊறவைக்க வேண்டும்; ஊறித் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து நீக்க வேண்டும்; ஈரம் முழுதும் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். இதை நோயாளியே தினமும் செய்துகொள்ளப் பழகியிருப்பார். அவருக்கு அது கைவந்த வேலை. வருகிறவர் செய்யக்கூடியதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதும், முக்காலியை இழுத்துப்போட்டு அந்த இருபது நிமிடமும் எழுந்துபோகாமல் உடனிருப்பதுமே. தேய்க்கும் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நோயாளியே கற்றுக்கொடுப்பார். உடன்பிறந்தாராலேயே தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட ஒருவர் ஆசிரியராக அமர, ஊருக்கு நன்மை செய்ய வந்தவர் மாணவராக அமர்கிற அந்த இடத்தில் உண்டாகும் மகிழ்ச்சி இருவருக்கும் பொதுவானது. எந்தப் பயண அறிக்கையிலும் எண்ணிக்கையாக இது பதிவாகாது. மூத்தவர்கள் கேட்ட செலவுக் கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை இல்லை என்பது இப்பகுதியின் உறுதியான கருத்து.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். நோயாளிகளின் கைகால்களையும் ஏழைக் குழந்தைகளின் முகங்களையும் படமெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் பகிர்வது, அவர்கள் தந்த நட்பை விலைபேசுவதாகும்.

கேள்வி: திரும்பி வந்த சில நாள்களில் மனம் வெறுமையாகிவிடுகிறது, அலுவலகமும் மெட்ரோவும் பொருளற்றவையாகத் தோன்றுகின்றன என்று முன்பு சென்ற ஒருவர் சொன்னார். அப்படியானால் அந்தச் சந்தோஷம் பொய்தானா?

பதில்: பொய்யன்று. பத்து நாள்களுக்கு ஒரே நோக்கத்தோடு, சேர்ந்து உண்டு, சேர்ந்து ஜெபித்து வாழ்ந்த ஒருவர் தனித்தனி அறைகளின் வாழ்க்கைக்குத் திரும்பும்போது இந்தத் தளர்ச்சி நேர்வது இயல்பு. மேலும், பயணத்தின் கனி எப்போதும் மகிழ்ச்சியாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. ராணிப்பேட்டையில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் படித்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான் 1890இல் இந்தியா வந்தார். ஓரிரவில் பேறுகால வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து அழைத்தும், ஆண் மருத்துவரான தம் தந்தையை அவர்கள் ஏற்க மறுத்ததாலும், தமக்கு மருத்துவம் தெரியாததாலும் அவர் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார், மூவரும் இறந்தனர். அந்தக் குறுகிய வருகை அவருக்குத் தந்தது துயரமே. அத்துயரத்தை மறக்க முயலாமல் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியிலிருந்தே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் வளர்ந்தன. அவருடைய மகிழ்ச்சி பல பத்தாண்டுகள் கழித்து, வேலையின் நடுவே வந்து சேர்ந்தது. ஆகவே திரும்பி வந்தவரின் வெறுமையை உடனே போக்கிவிடத் துடிக்காமல், அது எதைச் சுட்டுகிறது என்று பொறுமையோடு கேட்பதே முறை.

எல்லாரும் ஐடா ஸ்கடர் ஆக வேண்டியதில்லை. 1902இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குச் சென்றது சில நாள் வருகைதான். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி ஆதரித்துவந்ததைக் கண்டு, அதைவிடப் பெரிய திருநெல்வேலித் திருச்சபை அத்தகைய பணி எதையும் தானே நடத்தவில்லையே என்று வெட்கமுற்றார். அந்த வெட்கம் வீணாகவில்லை: அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது, அதன் ஊழியர் நிஜாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார்கள், சில ஆண்டுகளில் அசரியாவே தெலுங்கு கற்று அங்கே குடியேறி, 1912இல் அதன் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆண்ட்ரூஸும் 1915இல் பியர்சனுடன் பிஜித் தீவுக்குச் சென்று, கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் சென்னை மாகாணத்தாரும் வட இந்தியரும் சொன்னவற்றைக் கேட்டு அறிக்கை எழுதினார். 1917இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது நின்றது, 1920 ஜனவரி முதல் நாளில் அங்கே எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

புசா ரோட்டுக் குழு செய்யத்தக்கது இதைவிடச் சிறியது. எனினும் இதே வழியில் அமைவது. திரும்பிய முதல் மாதத்திலேயே, தங்களை ஏற்றுக்கொண்ட நேபாளச் சபைக்கு எழுதி, தங்கள் வருகையால் என்ன பயன், என்ன தொல்லை என்று கேட்க வேண்டும். சங்கடமான பதில் வந்தாலும் அதைச் சபையில் மறைக்காமல் வாசிக்க வேண்டும். மீண்டும் வருவது உதவியாக இருக்கும் என்று அவர்கள் சொன்னால், வேறு நாடு தேடாமல் அதே ஊருக்கே அடுத்த ஆண்டும் போக வேண்டும். வராமலிருப்பதே நல்லது என்றால் அந்தப் பயணத் தொகையை அவர்கள் சொல்லும் தேவைக்கு அனுப்பிவிட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில், கால் பராமரிப்பைக் கற்றுவந்தவர்கள் வடகிழக்குத் தில்லியின் நந்த் நகரியில் உள்ள தொழுநோய் மிஷன் மருத்துவமனையை அணுகி, வாரத்தில் ஒரு பிற்பகல் அங்கே தங்களால் ஆவது என்ன என்று கேட்கலாம். அதற்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம்.